கட்டம் முழுக்க 230

மார்ச் 3, திங்கள்

பக்கத்து ஐஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள். சனிக்கிழமையோடு சரி. பதினோரு வருடமாகக் காதிலேயே குடியிருந்த மோட்டார் இரைச்சல் இன்று காலை இல்லை. பட்டறைக்குள் நுழைந்ததும் ஏதோ குறைகிறதே என்று எல்லாரும் முழித்தோம். என்னவென்று பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை நாளும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, கத்திக்கொண்டிருந்திருக்கிறோம். சுருள் அக்கா வழக்கம்போல, "டீச்சர், உன் பை மறுபடியும் தரையில கிடக்கு பாரு!" என்றாள். மொத்தப் பட்டறையும் திரும்பிப் பார்த்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் டீச்சர் இல்லை. இயற்பியல் படித்துவிட்டு ஹீட்டர் பட்டறையில் கணக்குப் போடுகிறவள். பெயர் அவள் வைத்தது. "சுருள் அக்கா" நான் வைத்தது. ஹீட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருளை அவள்தான் சுற்றுகிறாள், பத்தொன்பது வருடமாக.

மார்ச் 4, செவ்வாய்

என் மேசைக்கு எதிர்ச் சுவரில் இருக்கும் ஆணியில் பை நிற்பதே இல்லை. வழுக்கி வழுக்கி விழுகிறது. இன்று அக்கா கழிவுக் கூடையிலிருந்து ஒரு தடித்த கம்பித் துண்டை எடுத்து, குறட்டால் இரண்டு வளை வளைத்து, கொக்கியாக்கி அந்த ஆணியிலேயே மாட்டிவிட்டாள். "இனிமே உன் சாப்பாட்டுல எறும்பு பங்கு கேக்காது" என்றாள். தன் பை ஜிப்பின் பிடி அறுந்து போனபோதும் அப்படி ஒரு துண்டைத்தான் முறுக்கிப் போட்டிருக்கிறாள். அந்தக் கைக்குக் கம்பி கிடைத்தால் சும்மா இராது.

மேசை மேல் விளக்கு இன்று பளிச்சென்று எரிகிறது. புது பல்பு போல. கண்ணுக்கு நல்லது.

மார்ச் 6, வியாழன்

பளிச்சென்று எரிந்த பல்பு போய்விட்டது. எலக்ட்ரீஷியன் மாற்றினார். மாலைக்குள் அதுவும் போனது.

மார்ச் 7, வெள்ளி

மூன்று நாளாக ஒன்று உறுத்துகிறது. எழுதிப் பார்த்தால் தெளியும்.

அக்கா சுற்றும் சுருளைக் குழாய்க்குள் விட்டு, வெள்ளைப் பொடி நிரப்பி, வாயை அடைத்து என் மேசைக்கு அனுப்புவார்கள். நான் அதைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் கொடுத்து, எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்ப்பேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் வாட். 230 வோல்ட், 4.35 ஆம்பியர் என்றால் 53 ஓம், ஆயிரம் வாட். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காலையில் வந்ததுமே தாளில் வோல்ட் கட்டம் முழுக்க மேலிருந்து கீழே 230, 230 என்று நிரப்பிவிடுவேன். அப்புறம் ஆம்பியரை மட்டும் எழுதிக்கொண்டே போகலாம். அரை மணி நேரம் மிச்சம்.

இந்த வாரம் முழுக்க எல்லாக் குழாயிலும் 4.64. அதற்குமுன் யாரும் இப்படிப் பார்த்ததில்லை. ஆம்பியர் மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று ஸ்டோரிலிருந்து இன்னொன்றை வாங்கி மாட்டினேன். அதே 4.64. ஆக மீட்டரில் கோளாறு இல்லை.

230-ஐ 4.64-ஆல் வகுத்தால் 49.6 ஓம். வாட் 1067. இவ்வளவு அதிகம் போனால் வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மார்ச் 10, திங்கள்

மேனேஜரிடம் சொன்னேன்.

"எவ்ளோ கம்மி?"

"மூணரை ஓம் சார்."

"ஓம் எல்லாம் எனக்கு வேணாம்மா. கம்பில எவ்ளோன்னு சொல்லு."

ஒரு மீட்டர் கம்பிக்கு 6.6 ஓம். ஒரு சுருளுக்கு எட்டு மீட்டர் கம்பி. 49.6-ஐ 6.6-ஆல் அங்கேயே வகுத்தேன். ஏழரை வந்தது. "அரை மீட்டர் சார்" என்றேன். கேட்டதும் விடை சொன்ன பெருமைகூட இருந்தது அப்போது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணுக்கு அரை மீட்டர். ஒரு நாளைக்கு நாப்பது சுருள். இருபது மீட்டர். ஸ்டோர்லேர்ந்து எட்டு மீட்டர் கணக்குலதான் கம்பி போகுது. மிச்சம்னு ஒரு ஜாண்கூடத் திரும்பி வரல." கண்ணாடித் தடுப்பு வழியாகச் சுருள் சுற்றும் பக்கம் பார்த்தார். "அப்போ எங்க போகுது?"

நான் எங்கே என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். கீழே என் கையெழுத்து இருந்தது.

மார்ச் 12, புதன்

இன்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

மத்தியானம் அக்கா நேராக என் மேசைக்கு வந்தாள். பின்னாலேயே மேனேஜர்.

"டீச்சர், என் சுருள்ல கம்பி கம்மியாமே?"

"ரீடிங் அப்படித்தான்க்கா காட்டுது."

"ஒண்ணே ஒண்ண அறுத்துப் பாரு. பொடியத் தட்டிட்டு, கம்பிய நீட்டி அளந்து பாரு. உன் கையாலயே அளந்து பாரு."

மேனேஜர், "அடைச்ச குழாயை அறுத்தா ஒரு ஹீட்டர் வீண். தினமும் ஒருத்தர் வந்து அறுக்கச் சொன்னா நான் கடையை மூட வேண்டியதுதான்" என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. "ஒண்ணு அறுத்துப் பாக்கலாம் சார்." அவ்வளவு போதும். நான் சொன்னால் அவர் கேட்டிருப்பார். நான் சொன்னதோ, "கணக்கு பொய் சொல்லாதுக்கா."

"கணக்கு பொய் சொல்லாதுதான் டீச்சர். நான் கணக்கச் சொல்லல" என்றாள். என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்கு கேட்டில் எல்லாரையும் நிறுத்திவைத்து, அவள் பையை மட்டும் திறக்கச் சொன்னார்கள். காவல்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். சாப்பாட்டு டப்பா. கண்ணாடிக் கூடு. பல் உடைந்த சீப்பு. ஒரு மாத்திரை அட்டை. கம்பி எதுவும் இல்லை. கடைசியில் மேனேஜர் ஜிப்பின் பிடியைத் தூக்கிக் காட்டினார். "இது என்னது?"

"கூடையில கிடந்த துண்டு சார். எல்லாரும் எடுக்கறதுதானே."

"எல்லாரும்னா? வேற யார் எடுத்தீங்க? சொல்லுங்க பாப்போம்."

இருபத்தாறு பேர் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உள்ளே, என் மேசைக்கு எதிர்ச் சுவரில், அதே கூடையிலிருந்து வந்த கொக்கி இருக்கிறது. எனக்கு அது அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. வராமல் இல்லை. வந்தது. என் பையைத் தோளில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா தன் சாமான்களைத் தானே பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். சீப்பு என் காலடியில் விழுந்திருந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.

"வச்சிடுங்க" என்றாள்.

பதினோரு வருடம் "வா, போ, உக்காரு"தான். இன்று "வச்சிடுங்க."

மார்ச் 13, வியாழன்

அக்கா வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வரவில்லை. அலமாரிச் சாவியை யாரிடமோ கொடுத்தனுப்பியிருக்கிறாள். பட்டறையில் அவள் பெயருக்குப் பதிலாக ஒரு வார்த்தை புழங்க ஆரம்பித்திருக்கிறது. அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

என் வீட்டுக்காரர் தையல் மிஷினை விட்டு நிமிராமலே கேட்டார்:

"அந்தம்மா எடுத்திருப்பாங்கன்னு நீ நம்புறியா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நம்பரைத்தான் சொன்னேன்."

"ஓகோ. நம்பர் தானா எழுந்து நடந்து மேனேஜர் ரூமுக்குப் போச்சா?"

கோபம் வந்தது. "கணக்கு தப்பா இருந்தா நீங்களே போட்டுக் காட்டுங்க!" என்று கத்திவிட்டேன்.

"எனக்குக் கணக்கு தெரியாதும்மா. நான் ஒருதரம் வெட்டறதுக்கு முன்னாடி ரெண்டுதரம் அளப்பேன். அவ்ளோதான் என் படிப்பு."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

மார்ச் 24, திங்கள்

புதிதாகச் சுருள் சுற்ற வந்திருப்பது மேனேஜரின் அக்கா மகள். நல்ல பெண். வேறு பட்டறையில் நாலு வருடம் சுற்றிய கை. அக்காவின் நாற்காலியில் போட்டிருந்த பழைய தலையணையை, "இது யாரோடது?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டாள்.

மார்ச் 26, புதன்

அந்தப் பெண்ணின் முதல் குழாய்கள் இன்று என் மேசைக்கு வந்தன.

4.65.

இரண்டாவது, 4.65. மூன்றாவது, 4.64. முழுக் கட்டும் அப்படியே.

மேனேஜரிடம் காட்டினேன். சிவந்துவிட்டார். "என் அக்கா பொண்ணு கம்பி எடுப்பாளா? உன் கணக்குலதான்மா ஏதோ கோளாறு. போய் ஒழுங்காப் பாரு."

அவர் அக்கா பெண் என்றதும் கோளாறு என் கணக்குக்கு வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்த வாயால் இதைச் சொல்லியிருந்தால்—

இல்லை. அவரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன்.

வந்து உட்கார்ந்தேன். இரண்டு பேர், இரண்டு கை. இரண்டு பேரும் ஒரு மயிரிழை பிசகாமல் அதே அரை மீட்டரைக் குறைப்பார்களா? ஆம்பியர் மீட்டர் சரி. அதை மாற்றியே பார்த்தாயிற்று. வகுத்தல் சரி. பெருக்கல் சரி. மிச்சம் என்ன? வோல்ட். வோல்ட் 230. 230 என்று யார் சொன்னது? தாள் சொல்கிறது. தாளில் எழுதியது யார்?

சாப்பாட்டு வேளை. டப்பா எடுக்கப் பையைக் கொக்கியிலிருந்து தூக்கினேன்.

பைக்குப் பின்னால் வோல்ட் மீட்டர்.

முள் 247-ஐ ஒட்டி நின்றது. துளிகூட ஆடவில்லை. எத்தனை நாளாக அப்படி நிற்கிறதோ.

அடிப்பாவி. எதிர்லதானே இருந்துச்சு. கையை நீட்டினா தொடலாம். ஒரு மீட்டரைச் சந்தேகப்பட்டு ஓடிப்போய் வேற வாங்கி மாட்டுனியே, இன்னொண்ணு மேல பையைத் தொங்கவிட்டுட்டு கண்ணை மூடிக்கிட்டு எழுதுனியே. ஒருத்தியோட பையைத் திறந்து கொட்டுனாங்க. உன் பையை ஒருதரம் நகத்திப் பாத்தியா நீ?

சாப்பிடவில்லை.

மார்ச் 27, வியாழன்

இந்த நோட்டைப் பின்னாலிருந்து படித்தேன். எல்லாம் இதிலேயே இருக்கிறது, என் கையெழுத்தில். ஐஸ் கம்பெனி மூடியது மார்ச் 1. அந்த மோட்டார்கள் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தவரை எங்கள் பக்கம் 230 தங்கியது. அவை நின்றதும் வோல்ட் ஏறிவிட்டது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. பல்புகள் தாங்காமல் போயின. அதையும் எழுதிவைத்திருக்கிறேன், "கண்ணுக்கு நல்லது" என்று. பல்புக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இன்று முள் 246-இல் நின்றது; 246-ஐ 4.64-ஆல் வகுத்தேன். 53.

இன்னொரு தரம். 53.

அக்காவிடமிருந்து நாற்பது நாற்பதாக வந்த சுருள்களையும் வரிவரியாக மறுபடி போட்டேன். அன்றன்றைய வோல்ட் என்னிடம் இல்லை, எழுதவில்லையே. ஆனால் 246 என்று வைத்தால் எல்லாம் 53. ஒன்றுகூடக் குறையவில்லை. "நான் கணக்கச் சொல்லல" என்றாளே. இதைத்தான் சொன்னாளா, இல்லை என்னைச் சொன்னாளா?

மார்ச் 28, வெள்ளி

மேனேஜரைச் சுவரருகே அழைத்துவந்து முள்ளைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சரி, ஒண்ணு அறுங்க" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

அக்கா சுற்றியதில் ஒன்றை எடுத்து அறுத்தோம். பொடியைத் தட்டிக் கம்பியை நீட்டிப் பிடித்து, நான்தான் அளந்தேன். என் கையாலேயே. எட்டு மீட்டர். அதற்கு மேலும் இரண்டு விரல் அகலம். குறைந்துவிடக்கூடாது என்று எப்போதும் ஒரு துளி கூட விடுவாள் போல. பத்தொன்பது வருடமாக.

"என் தவறு, என் கையெழுத்து" என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். "வேணும்னா மறுபடி வரச் சொல்லுங்க. ஆனா இதைப் பெருசு பண்ண வேணாம். நடந்தது நடந்துபோச்சு."

மார்ச் 30, ஞாயிறு

அவள் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. இத்தனை வருடத்தில் இன்றுதான் முதல் தடவை. அதுவும் வெட்கமாக இருந்தது.

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "உக்காருங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். பை, முள், ஐஸ் கம்பெனி, எட்டு மீட்டர் இரண்டு விரல். கேட்டுக்கொண்டே இருந்தாள். கொக்கியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பு இல்லை அது.

"நான் மாட்டுன கொக்கியா."

"அக்கா, உங்க மேல தப்பே இல்ல. மன்னிச்சிடுங்க."

"என் மேல தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டேன்.

"மறுபடி வாங்கக்கா. மேனேஜரே சொல்லிட்டாரு."

"மேனேஜர் என்ன சொல்றது? அந்த கேட் வழியா நான் எப்படி உள்ள வர்றது? மோட்டாருக்குக் கம்பி சுத்துற ரீவைண்டிங் கடையில வேலை கேட்டேன். பட்டறையில விசாரிச்சிருக்காங்க. எங்ககிட்ட கேக்காதீங்கன்னு மேனேஜர் சொல்லி அனுப்பியிருக்காரு. அதுக்கு என்ன அர்த்தம்னு கடைக்காரருக்குப் புரியாதா?" தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "உங்க மன்னிப்பை என்கிட்ட வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? அன்னிக்கு எங்க பாத்தாங்களோ அங்க சொல்லுங்க. புதன்கிழமை. அஞ்சரை மணி. கேட்ல."

வாசலில் நான் செருப்பைப் போடும்போது இன்னொன்றும் கேட்டாள். "ஒண்ண அறுத்துப் பாருன்னு சொன்னேன்ல. அன்னிக்கு உங்களுக்கு ஏன் தோணல?"

நம்பாததாலா? இல்லை. அவளை நம்பினேன். என்னை அதைவிட அதிகமாக நம்பிவிட்டேன். இது இப்போது எழுதும்போது வருகிறது. அங்கே செருப்பு வாரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

சொன்னேன்.

ஐந்தரை மணி. எல்லாரும் பையும் குடையுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஐஸ் கம்பெனி இரைச்சல் இருந்திருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. இப்போது ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அக்கா சுருளில் கம்பி குறையவே இல்லை, தப்பு என்னுடையது, வோல்ட்டைப் பார்க்காமல் 230 என்று எழுதினேன், அறுத்து அளந்தோம், சரியாக இருந்தது. பிறகு பையிலிருந்து கொக்கியை எடுத்துக் காட்டினேன். "வேற யார் எடுத்தீங்கன்னு அன்னிக்கு சார் கேட்டாரு. இதோ. என்கிட்டயும் இருந்துச்சு. நான் சொல்லல."

மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருத்தி தன் சாவிக்கொத்தைப் பார்த்தாள். அதிலும் அந்தக் கம்பி வளையம்தான்.

காவல்காரர் மட்டும்தான் பேசினார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. என் கையால அந்தப் பையைக் கொட்ட வச்சிட்டீங்களே."

ஏப்ரல் 4, வெள்ளி

என்னை பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தப்புப் பண்ணியதற்காக என்றால் நியாயம்தான். அதை கேட்டில் சொன்னதற்காக என்று நினைக்கிறேன். அட்டைப் பெட்டிக்கு நாடா ஒட்டுகிறேன். சோதனை மேசையில் இப்போது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஒருவர். வோல்ட் மீட்டருக்கு மேலிருந்த ஆணியைக் கிளம்பும் முன் நானே பிடுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ரீவைண்டிங் கடைக்காரர் அக்காவைப் பற்றி விசாரிக்கப் பட்டறைக்கே நேரில் வந்தாராம். மேனேஜர் அறைவரை போகவில்லை. கேட்டிலேயே காவல்காரர் அவரை நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்லி, "தங்கமான கை, தைரியமா வச்சுக்கங்க" என்று அனுப்பிவிட்டாராம். காவல்காரரே இதை என்னிடம் சொல்லிவிட்டு, "என் பங்குக்கு நானும் ஏதாவது செய்யணும்ல" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறேனா? இருந்தால் எனக்கு நிம்மதி. அவளுக்கு என்ன?

மே 17, சனி

வீட்டுக்காரரின் இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை. உள்ளே கம்பி எரிந்துவிட்டது. "பக்கத்துலயே கடை இருக்கு" என்றார். நான் அந்த ரீவைண்டிங் கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அக்கா உள்ளே மேசையில் இருந்தாள். நாற்காலியில் புதுத் தலையணை. என்னைப் பார்த்தாள், பெட்டியை வாங்கினாள், திறந்தாள், மைக்காத் தகட்டில் பழைய கம்பியைப் பிரித்துப் புதியதைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் பெட்டியை மூடி, மேசைமேல் இருந்த இரண்டு மீட்டரோடும் இணைத்து, என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"வேணாம்க்கா. நம்புறேன்."

"நம்ப வேணாம். அளந்து பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

முதலில் வோல்ட்டைப் பார்த்தேன். 236. சத்தமாகப் படித்தேன். பிறகு ஆம்பியர், 3.35. அவள் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் நீட்டினாள். எழுதி வகுத்தேன். 70.4 ஓம். பெருக்கினேன். 790 வாட். பெட்டியின் அடியில் 230 வோல்ட்டுக்கு 750 என்று போட்டிருந்தது. 236-க்கு 790 சரிதான்.

"சரியா இருக்குக்கா."

"தெரியும்" என்றாள். தாளை வாங்கி ஒருமுறை பார்த்தாள். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். மடித்து இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.

கூலியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது. வாசல்வரை வந்து, பெட்டி நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டு, வாயை ஒரு கம்பித் துண்டால் முறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

"பாத்துப் போங்க" என்றாள்.